படம் திறக்கவில்லையா? முதலில் ஃபைலின் அளவைப் பாருங்கள்

கேள்வி இது: போனிலிருந்தும் ஒரு பழைய பென்டிரைவிலிருந்தும் கணினிக்கு மாற்றிய படங்களில் நிறைய திறக்க மாட்டேன் என்கின்றன. சிலவற்றுக்கு ‘இந்த வகை ஃபைலைத் திறக்க முடியாது’ என்று வருகிறது. சில படங்களில் மேல்பாதி நன்றாக இருக்கிறது, கீழே ஒரே சாம்பல் நிறம். இன்னும் சில வெறும் கறுப்பு. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஜேபிஜி என்று பெயர் மாற்றியும் பார்த்தாயிற்று. ரிப்பேர் மென்பொருள் ஏதாவது வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். அறிகுறி மூன்று விதமாக இருந்தால் காரணமும் பெரும்பாலும் மூன்று விதமாகத்தான் இருக்கும். முதல் வகைப் படங்களுக்கு எந்தச் சேதமும் ஆகியிருக்காது. அவற்றை ரிப்பேர் மென்பொருளில் போட்டால்தான் சேதம் வரும். மூன்றாவது வகைக்கு அந்த மென்பொருளால் ஒன்றும் செய்ய முடியாது. நடுவில் இருப்பதற்கு மட்டும் கொஞ்சம் வழி உண்டு, அதுவும் இலவசமாகவே.

எதையும் தொடுவதற்கு முன்னால், திறக்காத படங்களைத் தனி ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள். அந்தப் பழைய பென்டிரைவில் புதிதாக எதையும் எழுத வேண்டாம். ‘ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பெயர் மாற்றியது ஏன் பலிக்கவில்லை என்பதைப் பார்த்துவிடலாம். புள்ளிக்குப் பின்னால் வரும் எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் முக்கியமாகப் பயன்படுத்துகிறது: இரட்டைக் கிளிக் செய்தால் எந்த மென்பொருளிடம் இதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய. வாங்கிக்கொண்ட மென்பொருள் உள்ளே இருக்கும் பைட்டுகளைப் படிக்கத் தொடங்குகிறது. உள்ளே இருப்பது ஐபோனின் ஹெச்இஐசி படம் என்றால், வெளியே ஜேபிஜி என்று எழுதியதால் அது ஜேபிஜி ஆகிவிடாது. சில மென்பொருள்கள் பெயரைப் பொருட்படுத்தாமல் உள்ளே பார்த்துத் திறந்துவிடும், சில முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே மாற்றிய பெயர்களைப் பழையபடி ஆக்குங்கள். ஞாபகம் இல்லை என்றாலும் பரவாயில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

அதற்கு முன் கோளாறு படத்திலா, பார்க்கும் மென்பொருளிலா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். திறக்காத படத்தை இழுத்து குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் ஜன்னலில் போடுங்கள். ஜேபெக் (ஜேபிஜி என்று முடிவதும் இதுதான்), பிஎன்ஜி, ஜிஃப், வெப்பி, பிஎம்பி, எஸ்விஜி எல்லாவற்றையும் பிரவுசர் காட்டிவிடும். அதில் தெரிந்தால் படம் நன்றாக இருக்கிறது, உங்கள் போட்டோஸ் செயலிக்குத்தான் உடம்பு சரியில்லை. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் போட்டோஸைத் தேடி, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முதலில் ரிப்பேர், அதற்கும் மசியாவிட்டால் ரீசெட். நேற்று வரை திறந்த படங்கள்கூட இன்று திறக்கவில்லை என்றால் இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். பழைய விண்டோஸ் போட்டோ வியூவரில் ‘போதிய நினைவகம் இல்லை’ என்று ஒரு செய்தி வரும். மெமரி தாராளமாக இருக்கும்போதே வரும். பெரும்பாலும் அது, நிறங்களைத் திரையில் எப்படிக் காட்டுவது என்று சொல்லும் கலர் ப்ரொஃபைல் செய்யும் குழப்பம். கலர் மேனேஜ்மென்ட்டில் அந்த ப்ரொஃபைலை மாற்றினால் சரியாகிவிடும். ரேம் வாங்க ஓடாதீர்கள்.

சரி, பிரவுசரிலும் திறக்கவில்லை. இப்போது படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போய் அளவைப் பாருங்கள். இந்த ஒரு எண் சொல்லும் அளவுக்கு வேறு எதுவும் சொல்லாது, ஆனால் இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

அளவு 0 பைட் என்றால் உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் பெயர். காப்பி ஆகும்போதோ டவுன்லோடு ஆகும்போதோ நடுவில் அறுந்துபோனது. எந்த மென்பொருளாலும் இல்லாததைத் திறக்க முடியாது, மூல இடத்துக்கே போய் மறுபடி எடுக்க வேண்டும்.

1 அல்லது 2 கேபி இருந்து, ஐகானின் மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட். படம் இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பை மட்டும் பென்டிரைவில் போட்டு எடுத்து வந்திருக்கிறீர்கள். படம் பழைய கணினியிலேயே பத்திரமாக இருக்கிறது.

பெயர் ஒரு புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கி, பெரும்பாலும் 4 கேபி அளவில் வரிசையாக நிறைய இருக்கிறதா? பயப்படவே தேவையில்லை. மேக் கணினியிலிருந்து பென்டிரைவுக்குக் காப்பி செய்யும்போது ஒவ்வொரு படத்துக்கும் துணையாக மேக் ஒரு குட்டி ஃபைல் போட்டு வைக்கும். மேக்கில் அது கண்ணுக்குத் தெரியாது, விண்டோஸில் தெரிந்து தொலைக்கும். அதே பெயரில், முன்னால் புள்ளியும் கோடும் இல்லாமல், பக்கத்திலேயே உண்மையான படம் இருக்கும். படங்கள் ஜிப்பில் வந்திருந்தால் மேக்ஓஎஸ்எக்ஸ் என்ற பெயரில் தனி ஃபோல்டராக இவை வந்து நிற்கும். உண்மையான படம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு இவற்றை நீக்கிவிடலாம். ‘பாதிப் படங்கள் கெட்டுவிட்டன’ என்று பதறி வருபவர்களில் பலருக்கு விஷயம் இவ்வளவுதான். கச்சிதமாகப் பாதி என்பதே ஒரு துப்பு: ஒரு படத்துக்கு ஒரு துணை.

அளவு என்னவோ 3 எம்பி என்று காட்டுகிறது, ஆனால் அதற்குக் கீழே ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்ற வரியில் 0 என்று இருக்கிறதா? அந்தப் படம் இன்னும் உங்கள் கணினிக்கு வரவில்லை. ஒன்டிரைவ் போன்ற சேவைகள் இடத்தை மிச்சப்படுத்தப் பெயரை மட்டும் இங்கே காட்டிவிட்டுப் படத்தைத் தங்கள் சர்வரில் வைத்திருக்கும்; பக்கத்தில் ஒரு மேகச் சின்னம் தெரியும். இணைய இணைப்போடு ரைட் கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அளவு பார்க்கும் கையோடு எக்ஸ்டென்ஷனையும் தெரியும்படி செய்துவிடுங்கள். விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கும். ஃபோல்டரின் வியூ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்தால் போதும், விண்டோஸ் 11இல் வியூவுக்குள் ஷோ என்ற மெனுவில் இருக்கும். கடைசியில் சிஆர்டவுன்லோட் என்றோ பார்ட் என்றோ இருந்தால் பாதியில் நின்ற டவுன்லோடு. ஜேஎஃப்ஐஎஃப் என்று இருந்தால் அது சாதாரண ஜேபெக்தான், ஜேபிஜி என்று தைரியமாகப் பெயர் மாற்றலாம். பெயர் மாற்றினால் வேலை நடக்கும் அபூர்வமான இடம் இது. பெயரில் ஜேபிஜி இருந்து அதற்கும் பின்னால் இஎக்ஸ்இ என்று இருந்தால் அது படமே இல்லை, யாரோ வைத்த பொறி. திறந்து பார்க்க ஆசைப்படாமல் அழித்துவிடுங்கள்.

அளவும் நியாயமாக இருக்கிறது, பெயரும் ஒழுங்காக இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை என்றால் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதுதான். நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள். பக்கம் முழுக்க கிறுக்கலாக வரும், அது இயல்பு. பார்க்க வேண்டியது முதல் வரியின் தொடக்கத்தை மட்டும். பார்த்துவிட்டு மூடுங்கள், சேவ் மட்டும் செய்துவிடாதீர்கள். நோட்பேட் எழுத்து என்று நினைத்துச் சேமிக்கும்போது படம் உண்மையிலேயே கெட்டுவிடும்.

ஏறக்குறைய எல்லாப் பட வகைகளும் முதல் சில பைட்டுகளிலேயே தங்களை அறிமுகம் செய்துகொள்கின்றன. பிஎன்ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் பிஎன்ஜி. ஜிஃப் என்று எழுதி 87 அல்லது 89 என்ற எண் வந்தால் ஜிஃப். தொடக்கத்தில் சில கிறுக்கல்களுக்குப் பின் ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்ஸிஃப் என்று தெரிந்தால் ஜேபெக். ஆர்ஐஎஃப்எஃப் என்று தொடங்கிக் கொஞ்சம் தள்ளி வெப்பி என்று வந்தால் கூகுள் 2010இல் அறிமுகம் செய்த வெப்பி. பிகே என்று தொடங்கினால் ஜிப், அதை விரிக்க வேண்டும். பிடிஎஃப் என்று இருந்தால் பிடிஎஃப்தான். ஹெச்டிஎம்எல் என்ற சொல் கண்ணில் பட்டால் நீங்கள் சேமித்தது படம் இருந்த இணையப் பக்கத்தை, அல்லது லாகின் செய்யச் சொல்லும் பக்கத்தை. இவற்றில் எது தெரிகிறதோ அதற்கேற்ற எக்ஸ்டென்ஷனைப் பெயரில் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. இத்தனையும் கண்ணால் தேட அலுப்பாக இருந்தால் இர்ஃபான்வியூ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பதும் பெயரும் பொருந்தாவிட்டால் அதுவே சொல்லி, பெயரை மாற்றட்டுமா என்று கேட்கும்.

இந்த அறிமுகப் பைட்டுகளில் பிஎன்ஜியுடையது எனக்கு ரொம்பப் பிடித்தது. எட்டே எண்கள்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் இருக்கும் 80, 78, 71தான் அந்த மூன்று எழுத்துகள். மற்றவை எல்லாம் பொறிகள். வழியில் யாராவது ஃபைலை வெறும் எழுத்து என்று நினைத்து வரி முடிவுகளை மாற்றினால் வரி முடிவைக் குறிக்கும் 13, 10 என்ற ஜோடியோ கடைசி 10ஓ மாறிப்போய்க் குட்டு வெளிப்படும். ஒரு பைட்டில் இருக்கும் எட்டு பிட்டுகளில் ஏழை மட்டும் கடத்தி எட்டாவதை வெட்டும் பழைய இணைப்பில் போனால் 137 என்பது 9 ஆகிவிடும். படம் வருமுன்னே, அது வந்த பாதை சரியா என்று சோதிக்கிற ஏற்பாடு.

இப்போது உங்கள் முதல் வகைக்கு வருகிறேன். போனிலிருந்து வந்தவை, ‘இந்த வகையைத் திறக்க முடியாது’ என்று சொல்பவை. நோட்பேடில் முதல் வரியில் எஃப்டிஒய்பி என்றும் அதை ஒட்டியே ஹெச்இஐசி என்றும் தெரிகிறதா? அப்படியானால் ஐபோன் படம்தான். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் இயல்பாகவே இந்த வகையில்தான் படம் எடுக்கின்றன. ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரம் கிடைக்கும் என்பது காரணம். விண்டோஸில் இதைத் திறக்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இரண்டு துணை நிரல்கள் தேவைப்படும். ஹெச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் இலவசம். உள்ளே இருக்கும் படத்தைச் சுருக்கியிருக்கும் ஹெச்இவிசி முறைக்கான எக்ஸ்டென்ஷனுக்குச் சிறு கட்டணம் உண்டு. பலர் முதலாவதை மட்டும் போட்டுவிட்டு இன்னும் திறக்கவில்லையே என்று நிற்பது இதனால்தான். காசு கொடுக்க மனமில்லை என்றால் ஹெச்இஐசி தெரிந்த வேறு இலவச மென்பொருளில் திறந்து ஜேபெக்காகச் சேமித்துக்கொள்ளலாம். இணையத்தில் மாற்றித் தரும் தளங்களும் நிறைய உண்டு. குடும்பப் படங்களையும் அடையாள அட்டைப் படங்களையும் முகம் தெரியாத சர்வருக்கு அனுப்புவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனிமேல் எடுக்கும் படங்கள் ஜேபெக்காகவே வர, ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று மாற்றிவிடுங்கள். இன்னொரு செட்டிங் இருக்கிறது. போட்டோஸ் பகுதியில், கணினிக்கு மாற்றும்போது ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருந்தால் கேபிள் வழியே போகும்போதே போன் ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காக மாற்றி அனுப்பும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நூற்றுக்கணக்கில் காப்பி செய்யும்போது நடுவில் இணைப்பு அறுந்து ‘இணைக்கப்பட்ட சாதனம் இயங்கவில்லை’ என்று நின்றுவிடும். மொத்தமாக மாற்றும்போது ‘கீப் ஒரிஜினல்ஸ்’ வைத்துக்கொண்டு, கணினிக்கு வந்த பிறகு மாற்றுவதே நிம்மதி.

பெரிய கேமராவின் ரா ஃபைல்களுக்கும் (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருப்பவை) இதே கதைதான். கேனனின் சிஆர்3, நிக்கானின் என்இஎஃப், சோனியின் ஏஆர்டபிள்யூ என்று ஆளுக்கொரு வகை. கேமரா புதிதாகவும் மென்பொருள் பழையதாகவும் இருந்தால் திறக்காது. மென்பொருளைப் புதுப்பியுங்கள்.

அப்புறம் அந்தச் சாம்பல் பாதி. இங்கேதான் உண்மையான சேதம். ஜேபெக் படம் 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளியே இல்லாத ஒரே நீளச் சங்கிலியாக எழுதப்படுகிறது. சங்கிலி பாதியில் முடிந்துவிட்டால் மென்பொருள் அதுவரை வரைந்துவிட்டு மிச்சத்தைச் சாம்பலாக விட்டுவிடும். ஒழுங்காக முடிந்த ஜேபெக்கின் கடைசி இரண்டு பைட்டுகள் 255, 217 ஆக இருக்கும் (பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் மென்பொருளில் எஃப்எஃப் டி9). அது இல்லை என்றால் ஃபைல் அநேகமாக அறுந்திருக்கிறது, மூலத்திலிருந்து மறுபடி காப்பி செய்யுங்கள். பெரும்பாலும் பென்டிரைவை எஜெக்ட் செய்யாமல் பிடுங்கியதால் வருவது இது.

சாம்பலுக்குப் பதிலாக, ஓர் இடத்துக்குக் கீழே படம் பக்கவாட்டில் நகர்ந்து, நிறமும் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறி நிற்கும் படங்கள் உண்டு. அங்கே எதுவும் அறுந்து போகவில்லை, நடுவில் சில பிட்டுகள் மாறிவிட்டன. ஒவ்வொரு கட்டத்தின் வெளிச்சமும் நிறமும் முந்தின கட்டத்தோடு எவ்வளவு வித்தியாசம் என்றுதான் எழுதப்படுகிறது. ஓர் இடத்தில் கணக்குத் தப்பினால் அந்தப் பிழை கடைசி வரை கூடவே வரும். மூலம் கிடைக்காவிட்டாலும் இத்தகைய படங்களை ஓரளவு சரிசெய்ய முடியும், ஏனென்றால் தகவல் இன்னும் உள்ளே இருக்கிறது.

தகவலே இல்லாத கீழ்ப்பாதியை மீட்டுத் தருகிறேன் என்று சொல்லும் மென்பொருளை நம்பாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன் அழகான குட்டிப் படம் ஒன்றைக் காட்டும். அந்தக் குட்டிப் படம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கேமரா எடுத்த ஜேபெக்கின் தலைப்பகுதியில், எக்ஸிஃப் தகவலோடு (படம் எப்போது, எந்தக் கேமராவில் எடுத்தது போன்ற விவரங்கள்), பெரும்பாலும் 160க்கு 120 புள்ளிகள் அளவில் ஒரு சிறு முன்னோட்டப் படம் தனியாக ஒட்டப்பட்டிருக்கும். பெரிய படம் கெட்டாலும் அது பிழைத்திருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி அதை வெளியே எடுத்துத் தரும். ரா ஃபைல் என்றால் இன்னும் அதிர்ஷ்டம்: பலவற்றில் முழு அளவு ஜேபெக்கே உள்ளே இருக்கும்.

தலைப்பகுதி மட்டும் கெட்டு உடல் நன்றாக இருந்தால், அதே கேமராவில், அதே அளவிலும் தரத்திலும் எடுத்த நல்ல படம் ஒன்றின் தலையை வெட்டி இதில் ஒட்டலாம். சுருக்கத்தைப் பிரிக்கத் தேவையான அட்டவணைகள் தலையில்தான் இருக்கின்றன, அதனால்தான் அதே கேமரா என்பது முக்கியம். பொறுமை உள்ளவர்களுக்கான வேலை.

கறுப்பாக நிற்பவை எனக்குக் கவலை தருகின்றன. நோட்பேடில் திறந்தால் கிறுக்கலே இல்லாமல் வெற்றிடமாகவே போகிறதா? அப்படியென்றால் உள்ளே எல்லாமே பூஜ்யம். ஃபைல் பட்டியலில் பெயரும் அளவும் எழுதப்பட்டு, படம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. பென்டிரைவ் பழுதாகியிருக்கலாம், அல்லது போலியாக இருக்கலாம். 8 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு 128 ஜிபி என்று கணினியிடம் பொய் சொல்லும் பென்டிரைவ்கள் உண்டு. முதல் 8 ஜிபி வரை ஒழுங்காக இருக்கும், அதற்கு மேல் எழுதியவை பெயராக மட்டும் மிஞ்சும். முதலில் போட்ட படங்கள் திறக்கின்றன, பிறகு போட்டவை எதுவுமே திறக்கவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற கருவிகள் முழுவதும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே எடுத்த பிறகுதான் அந்தச் சோதனை.

வெளியே எடுக்க ஃபோட்டோரெக் போதும், இலவசம். அது ஃபைல் பட்டியலை நம்பாமல் பென்டிரைவ் முழுவதையும் முதல் பைட்டிலிருந்து படித்து, மேலே சொன்ன அறிமுகப் பைட்டுகளைத் தேடிப் படங்களைப் பொறுக்கி எடுக்கும். பெயரும் ஃபோல்டரும் போய்விடும், வெறும் எண்களாக வரும். எடுத்ததை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். அதே பென்டிரைவில் எழுதினால் இன்னும் மீட்காத படங்களின் மேலேயே எழுதியதாகிவிடும். விண்டோஸின் ஸ்கேனுக்கு முதலிலேயே வேண்டாம் சொல்லச் சொன்னதும் இதற்காகத்தான்: அது படங்களைக் காப்பாற்றப் பார்க்காது, பட்டியலை ஒழுங்குபடுத்தப் பார்க்கும். ஏற்கெனவே ஓட விட்டிருந்தால், ஃபவுண்ட் 000 என்ற மறைந்த ஃபோல்டரில் சிஹெச்கே என்று முடியும் ஃபைல்கள் கிடக்கும். அவற்றையும் நோட்பேடில் பார்த்து, ஜேபெக் அடையாளம் தெரிந்தால் ஜேபிஜி என்று பெயர் மாற்றிப் பாருங்கள்.

படங்களோடு சேர்த்து எல்லா ஆவணங்களின் எக்ஸ்டென்ஷனும் ஒரே நாளில் புரியாத எழுத்துகளாக மாறி, ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு கடிதம் இருந்தால் அது ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கும் நிரல். இதுவரை சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. நெட்டைத் துண்டியுங்கள், எதையும் அழிக்காதீர்கள், வேறு கணினியிலிருந்து ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் உங்கள் வகைக்குச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கியது அது. உங்கள் வர்ணனையில் இதற்கான அறிகுறி இல்லை.

இவ்வளவும் பார்த்தபின் இன்னும் சில படங்கள் அடம்பிடித்தால், ஒவ்வொரு வகைக்கும் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதன் முழுப் பெயர், பைட் கணக்கில் அளவு, நோட்பேடின் முதல் வரியில் தெரிந்தது, பிரவுசரில் போட்டபோது நடந்தது, இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். படத்தை அனுப்ப வேண்டியதில்லை.